முகத்துவாரத்தில் விட்ட கொடுவாக்கள்

என் வீட்டுக்காரருக்குத் தூண்டில் போடத் தெரியும் என்பது கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அவருக்கே அப்போதுதான் தெரிந்திருக்கும். பரளச்சிப் பக்கம் பிறந்த மனிதருக்குத் தூண்டிலோடு என்ன சகவாசம்? அங்கே மீன் பிடிப்பது என்றால், கண்மாய் வற்றி முழங்கால் அளவுக்குச் சேறும் தண்ணீரும் கிடக்கும்போது ஊரே இறங்கி, கூடையும் வலையும் பழைய சேலையுமாக அள்ளிக்கொண்டு வருவதுதான். ஒன்றைக்கூட விட்டுவைக்க மாட்டார்கள். விட்டால் நாளைக்கு அது வெயிலில் செத்து நாறும், இல்லாவிட்டால் கொக்கு தின்னும். எங்கள் ஆட்களிடம் போய், பிடித்த மீனை மறுபடி தண்ணீரில் விடுவதைப் பற்றிப் பேசினால் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார்கள். நானும் அப்படித்தான் பார்த்தேன்.

அவர் அருப்புக்கோட்டையில் விசைத்தறி மெக்கானிக். நான் வீட்டிலேயே மிஷின் போட்டு ரவிக்கை தைக்கிறவள். இரண்டு பேருடைய அப்பா அம்மாவும் அடுத்தவர் காட்டில் கூலிக்குக் களை எடுத்தவர்கள். நாங்கள் டவுனுக்கு வந்து, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து வேலை பார்க்கிற அளவுக்கு முன்னேறிவிட்டோம் என்று சொந்தக்காரர்களுக்குப் பெருமை. பிள்ளை விஷயத்தில்தான் அவர்களுக்குக் குறை.

பிள்ளை இல்லை என்று சொல்வதும் சரியில்லை. மூன்று தடவை உண்டானேன். முதல் இரண்டும், நாள் தள்ளிப்போன சந்தோஷத்தை நாலு பேரிடம் சொல்வதற்குள் போய்விட்டன. மூன்றாவது ஏழு மாதம் இருந்தது. பெண். ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். எனக்கு மயக்க ஊசி போட்டிருந்ததால் நான் பார்க்கவில்லை. கண் விழித்தபோது என் மாமியார் மட்டும் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர்தான், துணியில் சுற்றிக் கொடுத்த பிள்ளையை வாங்கிக்கொண்டு, தன் சித்தப்பாவோடு போய் ஊர்க் கண்மாய்க்கரையை ஒட்டிப் புதைத்துவிட்டு வந்தாராம். மாமியார் சொல்லித்தான் எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் இரண்டு பேருமே உடைந்துபோய்விடுவோம் என்று பயந்தேன்.

அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் அவர் வீட்டில் இருந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். என்னோடு இருந்தார் என்று சொல்ல முடியாது. வேலை நாளில் தறிச்சத்தத்துக்குள் போய் நின்றுகொள்வார். ஞாயிற்றுக்கிழமை சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். தட்டில் போட்ட சோறு போட்டபடி இருக்கும். எனக்கு வாய் கொஞ்சம் அதிகம். "எனக்குந்தான போச்சு, நான் ரவிக்கை தைக்கலையா?" என்று ஒருநாள் கத்திவிட்டேன். அவர் எழுந்து உட்கார்ந்து, "தைக்கிற," என்றார். அவ்வளவுதான். மறுபடி படுத்துக்கொண்டார்.

அந்த நாட்களில்தான் ஒரு தடவை முதலாளியின் வேனில் சேலை லோடு ஏற்றிக்கொண்டு சாயல்குடிக்குப் போனார். லோடை இறக்கிவிட்டு, டிரைவருக்குக் கடல் பார்க்க ஆசை என்று குண்டாற்று முகத்துவாரம் வரைக்கும் போயிருக்கிறார்கள். குண்டாறு எங்கள் திருச்சுழி வழியாகப் போகிற ஆறுதான். எங்கள் பக்கம் அது மணலும் கருவேலமுமாகக் கிடக்கும். கடல் ஓரத்தில் மட்டும் வருஷம் பூராவும் தண்ணீர் தேங்கிக் கழியாக நிற்கும். அங்கே தூத்துக்குடிப் பக்கத்து ஆள் ஒருவர், சக்கரம் வைத்த தூண்டிலும் ரப்பர் மீனுமாக நின்று, கை நீளத்துக்கு ஒரு கொடுவா மீனை இழுத்துப் போட்டிருக்கிறார். போட்டவர், கொக்கியைக் கழற்றி அதைத் திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிட்டார்.

என் வீட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை. ஏன் விட்டீர்கள் என்று கேட்டிருக்கிறார்.

"அண்ணாச்சி, கொடுவா சின்னதுல ஆணாத்தான் இருக்கும். பெருத்த பெறகு பொட்டையா மாறும். பெருசு பூரா பொட்டை. முட்டை வைக்கிறது அதுதான். அதையும் தின்னுட்டோம்னா நாளைக்கு இந்தக் கழியில என்ன கெடக்கும்? விடணும்னு சட்டமெல்லாம் கெடையாது. நம்மளா விடுறதுதான்."

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் கையைக்கூடக் கழுவாமல் இதை என்னிடம் சொன்னார். மூச்சு வாங்க, கையை விரித்து நீளம் காட்டி, அந்த ஆள் பேசின மாதிரியே பேசிக் காட்டினார். ஒன்றரை வருஷத்தில் அவர் சேர்ந்தாற்போல் இத்தனை வார்த்தை பேசினது அன்றுதான். மீன் மாறுகிற கதையை நான் நம்பவில்லை. ஆனால் அவர் பேசுவதை நிறுத்திவிடக் கூடாதே என்று உம் கொட்டிக்கொண்டே இருந்தேன்.

அடுத்த மாதமே பழைய தூண்டில் ஒன்று வீட்டுக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் வண்டியை எடுத்தால் பரளச்சி, பெருநாழி, சாயல்குடி என்று இரண்டு மணி நேரத்தில் முகத்துவாரம். நானும் பின்னால் உட்கார்ந்து போவேன். அவரைத் தனியாகத் தண்ணீர்ப் பக்கம் அனுப்ப எனக்குத் தைரியம் இல்லை. ஏன் இல்லை என்று அவரிடம் சொன்னதில்லை. வெயில் ஏறுவதற்குள் ரவிக்கைக்கு ஊக்கு வைக்கலாம், கையால் ஓரம் மடித்து எம்மிங் பண்ணலாம் என்று ஒரு பையில் வேலையைத் தூக்கிக்கொண்டு போய் உடைமர நிழலில் உட்கார்ந்துகொள்வேன்.

நாங்களாகவே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டோம். என் தையல் டேப்பில் முப்பத்திரண்டு இஞ்சிக்குக் கீழே இருந்தால் குழம்புக்கு. அதற்கு மேலே இருந்தால் கடலுக்கு. என் மாமியார் இதைக் கேட்டுவிட்டுச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே. "பொடிய தின்னுட்டுப் பெருச விடுற கூறுகெட்ட பயல நான்தான் பெத்திருக்கேன்," என்று தெருவில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். மகன் தட்டை வழித்துச் சாப்பிடுவதைக் கண்ணால் பார்த்த பிறகு அந்தப் பேச்சை விட்டுவிட்டார்.

முதல் பெரிய மீன் ஆறாவது தடவை போனபோது கிடைத்தது. முப்பத்தாறு இஞ்சி. அதைக் கரைக்கு இழுத்துப் போட்டதும் அவர் என்ன செய்தார் என்பதை நான் சரியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாம் அதில்தான் இருக்கிறது. வழுக்கக் கூடாது என்று இரண்டு கையிலும் காய்ந்த மணலை அள்ளித் தேய்த்துக்கொண்டு, மீன் மேலேயும் மணலைப் போட்டு இறுக்கிப் பிடித்தார். கண்மாயில் விராலை அப்படித்தான் பிடிப்பது. பிறகு அதை நனைந்த கோணிச்சாக்கில் கிடத்தினார். நான் உடைமரத்தடியிலிருந்து டேப்பை எடுத்துக்கொண்டு சாவகாசமாக வந்து அளந்தேன். இன்னொரு தடவை அளக்கச் சொன்னார், அளந்தேன். அப்புறம் செவுளுக்குள் விரலை விட்டு அதை நெட்டுக்குத் தூக்கி நின்றார், நான் போனில் படம் எடுத்தேன்.

"வெயிலு மூஞ்சியில விழுகுது, இந்தப் பக்கம் திரும்புங்க," என்றேன். திரும்பினார். "வாலு தெரியல, இன்னுங்கொஞ்சம் மேல தூக்குங்க." தூக்கினார். "சிரிங்க."

சிரித்தார். அந்தச் சிரிப்புக்காக நான் ஐந்து படமோ ஆறு படமோ எடுத்தேன். எனக்குப் படம் முக்கியமில்லை. அந்த முகத்தை இன்னும் கொஞ்சம் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

மீனுக்கு அதனால் ஏதாவது ஆகும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. நாங்கள் கண்ட மீன் விராலும் கெளுத்தியும். காலையில் பிடித்த விராலைக் கோணியில் கட்டி, பஸ்ஸில் சீட்டுக்கு அடியில் போட்டு, பொழுது சாய வீட்டுக்குக் கொண்டுவந்து அண்டாத் தண்ணீரில் விட்டால் துள்ளி வெளியே விழும். சேற்றுக்குள்ளேயே கிடந்து மழைக்காக உயிரை வைத்திருக்கிற சாதி அது. மீன் என்றால் அப்படித்தான், கொஞ்ச நேரம் வெளியே இருந்தால் என்ன என்பதுதான் எங்கள் நினைப்பு. தூத்துக்குடிக்காரர் பெரியதை விடச் சொன்னார். எப்படி விடுவது என்று அவர் சொல்லவில்லை. எங்களுக்கும் கேட்கத் தெரியவில்லை.

தண்ணீரில் விட்டதும் அந்தக் கொடுவா பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தது. அவர் வயிற்றுக்குக் கீழே கையைக் கொடுத்து நிமிர்த்தினார். வாலை இரண்டு தடவை ஆட்டிவிட்டு மெல்ல உள்ளே போய்விட்டது. "போ தாயி," என்றார். அந்தத் தாயி என்ற வார்த்தையைக் கேட்டு நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டுப் பேச்சில் அந்த மீன்கள் வந்துவிட்டன. சோற்றைப் பிசைந்துகொண்டே, "முத விட்டது இந்நேரம் முட்டை வச்சிருக்கும்," என்பார். மழை பெய்தால், "ஆத்துத் தண்ணி கடலுக்குப் போனா அவளுகளுக்குத் தெம்புதான்," என்பார். போனில் இருக்கிற படங்களைப் பார்த்து எது எந்த மாசம் என்று சொல்வார். சுவரைப் பார்த்துப் படுப்பது நின்றது. இரண்டு வருஷத்தில் பதினொரு கொடுவாக்கள். பதினொன்றையும் பிள்ளைக்காரிகள் என்றுதான் சொல்வார். பிள்ளை பெறாத என் முன்னால் சொல்கிறோமே என்ற சங்கோஜம்கூட அவருக்கு இல்லை. எனக்கும் வருத்தம் இல்லை. அவர் என்னிடம் சொல்லிச் சமாதானம் ஆகிறார் என்று தெரிந்துதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த முகத்துவாரத்தில் நண்டு பிடிக்க வருகிற ஒரு அம்மா உண்டு. ஐம்பத்தைந்து வயது இருக்கும். தூரத்தில் இருந்து கையைத் தூக்கிக் காட்டுவார், நானும் காட்டுவேன், பழக்கம் அவ்வளவுதான். பதினொன்றாவது மீனை விட்டதற்கு அடுத்த வாரம், என் வீட்டுக்காரர் தண்ணீர் ஓரமாக வெகுதூரம் நடந்து போயிருந்தபோது, அந்த அம்மா கூடையோடு வந்து என் பக்கத்தில் நிழலுக்கு உட்கார்ந்தார். எந்த ஊர், என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன். வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு சொன்னார்:

"நீங்க வந்துட்டுப் போனா எங்க வீட்டுக்கு ஒரு கொடுவா உறுதி, தாயி. உங்க புண்ணியம்."

எனக்குப் புரியவில்லை. "எங்களால எப்படிக்கா?" என்றேன்.

"நீங்க விட்டுட்டுப் போறீகள்ல, அது பொழைக்கவா செய்யும்? சாயங்காலமோ மறுநாக் காலையிலயோ அந்த மணல்மேட்டுல ஒதுங்கிரும். கண்ணு வெளுக்கலைன்னா கொழம்பு, வெளுத்திருந்தா கருவாடு. போன வாரத்துது வயிறு பூரா சினை. இந்தா, ரெண்டு கை கொள்ளல."

அவர் இரண்டு கையையும் சேர்த்துக் காட்டினார். நன்றிதான் சொன்னார், வேறு எதுவும் இல்லை. நாங்கள் வேண்டுமென்றே அவருக்காக விட்டுவிட்டுப் போகிறோம் என்றுகூட நினைத்திருக்கலாம். நான் எத்தனை மீன் அப்படி ஒதுங்கியது என்று கேட்டேன். நாலைந்து தன் கையில் கிடைத்தது, மற்றது நாயோ பருந்தோ தின்றிருக்கும், இல்லை பிழைத்தும் இருக்கலாம், யார் கண்டது என்றார். கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் கையிலிருந்த ரவிக்கையில் ஒரே இடத்தில் நாலு ஊக்கு வைத்திருந்தேன். பிறகு எல்லாவற்றையும் பிரித்தேன்.

என் வீட்டுக்காரர் திரும்பி வந்து, "இன்னைக்கு ஒண்ணும் கடிக்கல புள்ள," என்றார். நல்லவேளை என்று நினைத்தேன். வண்டியில் அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து வருகிற இரண்டு மணி நேரமும் அந்தச் சினைதான் என் கண்ணுக்குள் இருந்தது. ரெண்டு கை கொள்ளல.

சொல்லக் கூடாது என்று முடிவு செய்தேன். மீன் செத்தால் சாகட்டும், எனக்கு மனுஷன் வேண்டும். இதை இன்றைக்குப் படிக்கிறவர்கள் என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளட்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தச் சீசன், ரவிக்கை குவிந்து கிடக்கிறது என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிட்டேன். அவர் தனியாகப் போனார். மத்தியானம் வாசலிலேயே போனை நீட்டிக்கொண்டு வந்தார். முப்பத்தெட்டு இஞ்சி. அதுவரை கிடைத்ததிலேயே பெரியது. படம் எடுக்க ஆள் இல்லாமல், சாலையில் போனவர் ஒருவரைக் கூப்பிட்டு வரவழைத்து, அதுவரைக்கும் மீனைக் கோணியில் வைத்திருந்து எடுத்தாராம்.

"எப்படி இருக்கா பாத்தியா?" என்றார்.

பார்த்தேன். பன்னிரண்டாவது. மற்ற பதினொன்றையும் நாங்கள் தெரியாமல் கொன்றோம். இதை நான் தெரிந்தே கொன்றேன். சோறு போட்டுவிட்டு, அவர் சாப்பிட்டு முடிக்கும் வரை அடுப்படியிலேயே நின்றுகொண்டிருந்தேன்.

இனி சும்மா இருக்க முடியாது என்று ஆகிவிட்டது. ஆனாலும் உண்மையைச் சொல்லாமல் காரியத்தை மட்டும் சரிசெய்துவிடலாம் என்று ஒரு கெட்டிக்காரத்தனம் பண்ணினேன். போனில் தேடி, கடலோரத்து ஆள் ஒருவர் தமிழில் பேசுகிற வீடியோ ஒன்றைக் கண்டுபிடித்தேன். மீனைத் தண்ணீரை விட்டு வெளியே எடுக்காமல் கழற்றுங்கள், கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள், மேலே இருக்கிற வழுவழுப்புப் போனால் மீன் தங்காது, செவுளில் விரல் விட்டுத் தூக்காதீர்கள், படம் வேண்டுமென்றால் மீன் தண்ணீரில் இருக்கும்போதே எடுங்கள் என்று அவர் ஒவ்வொன்றாகச் செய்து காட்டினார். ஏதோ புதிதாகக் கண்டதுபோல, மறுநாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தவரிடம் நீட்டினேன்.

"இது நல்லா இருக்குங்க. இனிமே இந்த மாதிரி விடுவமா?"

அவர் முழுவதும் பார்த்தார். பிறகு முதலிலிருந்து மறுபடியும் பார்த்தார். மெக்கானிக்குக்கு ஒரு மிஷின் ஏன் நின்றது என்று கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

"அப்ப நம்ம விட்டது?" என்றார்.

"அதெல்லாம் பெரிய மீனு. தாங்கியிருக்கும்."

"நீ எதுக்குப் போன வாரம் வரல?"

"ரவிக்கை கெடந்துச்சுல்ல."

"எத்தனையோ முகூர்த்தத்துல ரவிக்கையத் தூக்கிக்கிட்டு வந்திருக்க. என்னன்னு சொல்லு."

பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லிவிட்டேன். நண்டு பிடிக்கிற அம்மா சொன்னது, மணல்மேடு, நாலைந்து என்றது, சினை எல்லாம் சொன்னேன். சினையைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். அதை அடக்கிவைக்க என்னால் முடியவில்லை, எனக்கும் யாரிடமாவது சொல்லித் தீர வேண்டியிருந்தது. அவர் கேட்டுக்கொண்டே சோற்றில் கையை வைத்தபடி இருந்தார். பிறகு எழுந்து கையைக் கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார். குழாயை நான்தான் போய் மூடினேன்.

"நான்தான் படம் எடுக்கறேன் எடுக்கறேன்னு நேரமாக்குனேன். என் தப்புத்தான்," என்றேன்.

"நீ இல்ல புள்ள," என்றார். வேலைக்குப் போய்விட்டார்.

நாலு மாதம் தூண்டில் தறிச்சாமான்களோடு மூலையில் கிடந்தது. மறுபடியும் சுவர். மறுபடியும் வழித்துச் சாப்பிடாத தட்டு. என் மாமியார் என்ன நடந்தது என்று கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டு, நான்தான் ஏதோ பேசிவிட்டேன் என்று முடிவுக்கு வந்தார். அதில் தப்பில்லை, நான்தான் பேசினேன். சொல்லியிருக்கக் கூடாது என்று காலையில் நினைப்பேன், சொல்லாமல் எப்படி இருந்திருக்க முடியும் என்று மத்தியானம் நினைப்பேன். அவர் ஞாயிற்றுக்கிழமை திரும்பிப் படுத்திருக்கும்போது அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே மிஷினை மிதிப்பேன். அவரை ஒரு தடவை அந்த மீன்கள் எழுப்பின. இன்னொரு தடவை எழுப்ப என்னிடம் எதுவும் இல்லை.

ஐப்பசி மழை பெய்து குண்டாற்றில் கொஞ்சம் தண்ணீர் ஓடின வாரம், அவராகவே, "போவமா?" என்றார். கேள்வி கேட்டால் மனம் மாறிவிடுவாரோ என்று பையைக்கூட எடுக்காமல் கிளம்பினேன். கோணியை அவர் எடுக்கவில்லை. கொக்கியின் முள்ளை அரத்தால் ராவி மழுக்கி வைத்திருந்ததை அங்கே போய்த்தான் பார்த்தேன். நாலு மாதமும் அந்த வீடியோவைப் பார்த்திருக்கிறார், எனக்குத் தெரியாமல்.

அதற்குப் பிறகு நடந்த மாதங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கு இல்லை. இடுப்பளவுத் தண்ணீரில் நின்று பிடிப்பார், அங்கேயே குனிந்து கழற்றி விடுவார். முதலில் ஒன்று, பிறகு ஒன்று. நான் கரையில் இருந்து நீளத்தை உத்தேசமாகச் சொல்வேன். போகிற மீனைப் பார்த்து அவர் எதுவும் பேசுவதில்லை. வீட்டிலும் அவற்றைப் பற்றிப் பேச்சு இல்லை. பிள்ளைக்காரி என்ற வார்த்தை எங்கள் வீட்டை விட்டே போய்விட்டது. பழைய படங்கள் போனில் இருந்தன, அவர் பார்த்து நான் பார்க்கவில்லை.

மாசி மாதம் ஒரு காலை, நண்டு பிடிக்கிற அம்மா எங்கள் இரண்டு பேர் முன்னாலும் வந்து நின்று இடுப்பில் கையை வைத்துக்கொண்டார்.

"என்னப்பா, வாராவாரம் வாரீக, போறீக. ஒண்ணும் ஒதுங்க மாட்டேங்குது. நானும் மணல்மேட்டுல காலையும் சாயங்காலமும் போய்ப் பாக்கேன்."

அவருக்கு நிஜமாகவே மனக்குறை. நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் அந்த அம்மாவிடம், "ஒண்ணுகூடவா ஒதுங்கல?" என்று கேட்டார்.

"ஒண்ணுகூட இல்ல."

"நல்லாப் பாத்தீகளா?"

"எனக்கென்ன கண்ணா அவிஞ்சு போச்சு?" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா நண்டுக்கூடையோடு போய்விட்டார். அவருக்குக் கொடுக்க எங்களிடம் அன்று ஒரு சின்ன மீன்கூட இல்லை.

என் வீட்டுக்காரர் மறுபடி தண்ணீருக்குள் இறங்கினார். அரை மணி நேரத்தில் தூண்டில் வளைந்தது. நல்ல பாரம் என்று வளைவிலேயே தெரிந்தது. அவர் நிதானமாகக் கிட்டே கொண்டுவந்து, குனிந்து, தண்ணீருக்குள் கையை விட்டார். முதுகு மட்டும் எனக்குத் தெரிந்தது. கொஞ்சம் தண்ணீர் எம்பித் தெறித்தது. பிறகு வெறும் கையோடு நிமிர்ந்தார்.

"எம்புட்டுப் பெருசுங்க?" என்று கரையிலிருந்து கேட்டேன்.

"தெரியல புள்ள. சரியாப் பாக்கல."

அவர் திரும்பவில்லை. கடலைப் பார்த்தபடியே நின்றார். காற்று எதிர்ப்பக்கம் அடித்ததால் அடுத்துச் சொன்னதை நான் தண்ணீர் ஓரத்துக்கு வந்துதான் கேட்டேன்.

"அவளையும் நான் சரியாப் பாக்கல."

யாரை என்று நான் கேட்கவில்லை.

"சித்தப்பா, துணிய வெலக்கி மொகத்தப் பாத்துக்கடான்னாரு. பாத்தா குழியில வைக்க மனசு வராதுன்னு லேசாப் பாத்துட்டு மூடிட்டேன். ஆனாலும் கையில சூடு இருந்துச்சு புள்ள. ஆசுபத்திரியில துணியச் சுத்திக் குடுத்த சூடா, இல்ல அவளோட சூடான்னு எனக்குத் தெரியல. ஒருவேளை உசுரு இருக்குமோன்னு கண்மாய்க்கரையில ரொம்ப நேரம் வச்சுக்கிட்டே நின்னேன். சித்தப்பாதான் வாங்கி வச்சாரு."

நாலு வருஷத்துக்கு மேலாக அதை அவர் தனியாக வைத்திருந்திருக்கிறார். நான் சேலையோடு தண்ணீருக்குள் இறங்கி அவர் பக்கத்தில் போய் நின்றேன். அத்தனை வருஷமும் நான் கேட்காமல் வைத்திருந்தது ஒன்றே ஒன்றுதான். அதைக் கேட்டேன்.

"யாரு சாடையா இருந்தா?"

அவர் யோசித்தார். எனக்கு ஆறுதலாக ஏதாவது சொல்லிவிடக் கூடாது, பார்த்ததை மட்டும் சொல்ல வேண்டும் என்று யோசிக்கிற முகம் அது.

"மூக்கு உன்னோடது," என்றார். "மத்தது எனக்கு ஞாபகமில்ல."

என் மூக்கை நானே தொட்டுப் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.